யாருடைய வக்கீல்?

விடுதலைப் பத்திரம் என்று அதற்குப் பெயர். கேட்டால் யாரோ சிறையிலிருந்து வெளியே வருவது போல இருக்கும். ஆனால் விடுதலையாவது மனுஷி அல்ல, நிலம். அக்காவிடமிருந்தும் தங்கையிடமிருந்தும் நிலம் விடுபட்டு, உடன்பிறந்தவனிடம் போய்ச் சேருகிறது. இதற்குப் பத்திரத்தாள் வாங்க வேண்டும், எழுத வேண்டும், சார்பதிவாளர் முன்னால் நிற்க வேண்டும், விரல் ரேகை வைக்க வேண்டும். இவ்வளவையும் ஒரு காலை நேரத்தில் முடித்துவிட்டு, மதியம் எல்லோரும் ஓட்டலில் ஒன்றாகச் சாப்பிட்டுவிட்டு ஊர் திரும்பலாம். அந்தக் காலை நேரத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அதிலும் குறிப்பாக, அந்தப் பத்திரத்தை எழுதிய கையைப் பற்றி.

பெண்ணுக்குச் சொத்தில் பங்கு வேண்டும் என்று நாம் நிறையப் பேசிவிட்டோம். அண்ணன் தம்பிகளின் பேராசையையும், பெற்றோரின் ஓரவஞ்சனையையும், சாதியின் கணக்கையும் எழுதியிருக்கிறோம். அந்தப் பேராசையை நாலு சாட்சிகளோடு சட்டமாக்கித் தருகிற படித்த மனிதரை மட்டும் நாம் கேள்வி கேட்பதில்லை. அவர் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார். நம் கையெழுத்து எங்கே வேண்டும் என்று பென்சிலால் பெருக்கல் குறி போட்டுத் தருகிறார். அவ்வளவுதான் அவருக்கும் நமக்கும் உள்ள தொடர்பு என்று நினைத்துக்கொள்கிறோம்.

சேலம், நாமக்கல் சமவெளியில் நிலத்துக்கு விலை ஏறும்போதெல்லாம் கட்டிக்கொடுத்த பெண்களின் ஞாபகம் வரும். கோழிப்பண்ணைக்கு வங்கிக் கடன் வேண்டுமென்றால் வரும். சேகோ ஆலைக்காரர் கிழங்குக் காட்டை விலைக்குக் கேட்டால் வரும். லாரி பாடி கட்டும் பட்டறைக்குச் சாலையோர நிலம் தேவைப்பட்டால் வரும். புறவழிச் சாலை போட்டால் கட்டாயம் வரும். 2018இல் சேலம் முதல் சென்னை வரை 277 கிலோமீட்டர் எட்டுவழிச் சாலைக்கு அளவுக்கல் நட வந்தார்கள். அதை எதிர்த்த போராட்டத்தில் காட்டு வரப்பில் உட்கார்ந்து அழுத பெண்களைத் தொலைக்காட்சியில் எல்லோரும் பார்த்தோம். அவர்களில் எத்தனை பேருக்குப் பட்டாவில் பெயர் இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. களை எடுத்ததும் தண்ணி கட்டியதும் அவள், கம்ப்யூட்டர் சிட்டாவில் இருப்பது அவன்.

எங்கள் குடும்பத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஊரில் யாருக்கும் இது புதுக் கதை அல்ல. ஆனால் ஒரு வக்கீல் எங்கே தவறினார் என்று இழை பிரித்துக் காட்ட எனக்குக் கையில் இருக்கும் பத்திரம் இதுதான்.

என் அப்புச்சி ராசிபுரம் பக்கத்துக்காரர். நாலு ஏக்கர் பூர்வீகம், இரண்டு ஏக்கர் அவரே மாடு விற்றும் சீட்டு எடுத்தும் வாங்கியது. பெரியம்மா, அம்மா, மாமா என்று மூன்று பிள்ளைகள். பெரியம்மாவுக்கு 1978இல் கல்யாணம், அம்மாவுக்கு 1983இல். அம்மாயி முதலில் போய்ச் சேர்ந்தார். அப்புச்சி 2011இல் உயில் எதுவும் எழுதாமல் இறந்தார். கருமாதி முடிந்த மூன்றாவது மாதம் மாமா இரண்டு அக்காக்களையும் காரில் கூட்டிக்கொண்டு ஒரு வக்கீல் ஆபீசுக்குப் போனார்.

அங்கே வக்கீல் சொன்னது இரண்டு வாக்கியம். "89க்கு முந்தி கட்டிக் குடுத்த பொண்ணுகளுக்குச் சட்டப்படி பங்கு வராதுங்க." இது முதலாவது. "பட்டா மாத்தறதுக்கு ஒரு கையெழுத்து மட்டும் வேணுமுங்க." இது இரண்டாவது. பதினோரு பக்கப் பத்திரம். அம்மாவுக்குத் தமிழ் நன்றாகப் படிக்க வரும். ஆனால் பத்திரம் படிக்கக் கொடுக்கப்படவில்லை, பக்கம் பக்கமாகப் புரட்டிக் கையெழுத்து வாங்கப்பட்டது. சார்பதிவாளர் "சம்மதந்தானேம்மா?" என்று கேட்டார். பட்டா மாற்றுவதற்குத்தானே கேட்கிறார் என்று இருவரும் தலையாட்டினார்கள். ஆளுக்கு ஒரு பட்டுப்புடவை கிடைத்தது.

எட்டு வருஷம் கழித்து, 2019இல், சாலையோர இரண்டு ஏக்கரில் மனைப்பிரிவு போடக் கல் நட்டார்கள். அப்போதுதான் வில்லங்கச் சான்றை எடுத்துப் பார்த்தோம், பத்திர நகலும் வாங்கினோம். ஆறு ஏக்கரிலும் வீட்டிலும் தங்களுக்குள்ள முழு உரிமையையும், ஆளுக்கு ஒரு லட்சம் ரூபாயை ரொக்கமாகப் பெற்றுக்கொண்டு, பிறர் தூண்டுதலின்றி, சுயநினைவுடன், மனப்பூர்வமாக விட்டுக்கொடுத்ததாக அதில் இருந்தது. படித்துக் காட்டப்பட்டது என்றும் இருந்தது. அந்த லட்சத்தை அம்மாவும் பெரியம்மாவும் பார்த்ததே இல்லை.

இப்போது சட்டத்தைப் பார்ப்போம். ஒரு வக்கீலுக்குத் தெரிந்திருக்க வேண்டிய சட்டம்தான், பெரிய ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை.

பெண்ணுக்குச் சமமான சொத்துரிமை வேண்டும் என்று 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது. இந்து சட்டத் தொகுப்பு மசோதாவை முடக்கியதற்காக அம்பேத்கர் 1951இல் அமைச்சர் பதவியைத் தூக்கி எறிந்தார். 1956இல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்தது. தகப்பன் தானே சம்பாதித்த சொத்து, உயில் இல்லாவிட்டால், மகனுக்கும் மகளுக்கும் மனைவிக்கும் சமமாகப் போகும் என்று அது அன்றைக்கே சொல்லிவிட்டது. பூர்வீகச் சொத்தில்தான் பிறப்பால் வரும் உரிமையை ஆண்களுக்கு மட்டும் வைத்தது. அந்த அநீதியைத் தமிழ்நாடு தன் திருத்தச் சட்டத்தால் 1989 மார்ச் 25 முதல் மாற்றியது. ஆனால் அந்தத் தேதிக்கு முன் கல்யாணமான பெண்களை வெளியே நிறுத்திவிட்டது. தாலி ஏறிய தேதியை வைத்து ஒருத்தி மகளா இல்லையா என்று முடிவு செய்த சட்டம் அது. 2005 செப்டம்பர் 9இல் மத்திய அரசின் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. அதில் கல்யாணத் தேதி என்ற பேச்சே இல்லை. மகள் மகனைப் போலவே பிறப்பால் பங்குதாரர். தகப்பன் அந்தத் தேதியில் உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்று சில ஆண்டுகள் குழப்பம் நீடித்தது. 2020 ஆகஸ்ட் 11இல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம், தேவையில்லை என்று சொல்லி அதையும் தீர்த்துவைத்தது.

எங்கள் வீட்டில் அந்தக் குழப்பத்துக்குக்கூட இடமில்லை. 2005இல் அப்புச்சி உயிரோடு இருந்தார், மகள்களும் இருந்தார்கள். 2011இல் அவர் இறந்தபோது பூர்வீகம் நாலு ஏக்கரிலும் சொந்தச் சம்பாத்தியம் இரண்டு ஏக்கரிலும் மூன்று பிள்ளைகளுக்கும் சமபங்கு. ஆறு ஏக்கரில் ஆளுக்கு இரண்டு. பள்ளிக்கூடப் பிள்ளைகூடப் போடுகிற கணக்கு. 89க்கு முன் கல்யாணமானவர்களுக்குப் பங்கில்லை என்று அந்த வக்கீல் சொன்னபோது, அந்த விதி செல்லாமல் போய் ஆறு வருஷம் ஆகியிருந்தது. சொந்தச் சம்பாத்தியத்துக்கு அந்த விதி ஒருநாளும் பொருந்தியதே இல்லை, அங்கே ஐம்பத்தைந்து வருஷமாகச் சமபங்குதான்.

அவருக்குத் தெரியவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும். பங்கே இல்லாதவளிடம் விடுதலைப் பத்திரம் எதற்கு? இல்லாத உரிமையை எப்படி எழுதி வாங்குவது? பதினோரு பக்கம் எழுதிப் பதிவு செய்தார் என்றால், உரிமை இருந்தது அவருக்குத் தெரியும். வாயால் சொன்னது ஒரு சட்டம், கையால் எழுதியது இன்னொரு சட்டம். வாயால் சொன்னது அக்காக்களுக்கு, கையால் எழுதியது தம்பிக்கு. இதை அறியாமை என்று என்னால் நம்ப முடியவில்லை.

நாங்கள் போய்க் கேட்டபோது அவர் கோபப்படவில்லை. மரியாதையாகத்தான் பதில் சொன்னார். "நான் உங்க வக்கீல் இல்லீங்கம்மா. ஃபீஸ் குடுத்தது உங்க தம்பி." தொழில் தவறு என்று சட்டம் சொல்வது பெரும்பாலும் வக்கீலுக்கும் அவருடைய கட்சிக்காரருக்கும் நடுவில் நடப்பது. அந்த அறையில் தம்பிக்கு வக்கீல் இருந்தார். அக்காக்களுக்கு நாற்காலி இருந்தது. சட்ட ஆலோசனை கிடைத்ததாக நினைத்துக்கொண்டு அவர்கள் எழுந்து வந்தார்கள். எதிர்க்கட்சியின் வக்கீலிடம் ஆலோசனை கேட்டிருக்கிறோம் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. குடும்ப வக்கீல் என்ற சொல்லே இந்த ஏமாற்றுக்குத் துணை. குடும்பம் என்றால் நம் ஊரில் யார் என்று நமக்குத் தெரியும்.

சரி, அம்மாவும் பெரியம்மாவும் அவருடைய கட்சிக்காரர்கள்தான் என்று நிரூபித்துவிட்டோம் என்றே வையுங்கள். அப்புறம் எங்கே போவது? மூன்று வாசல்கள் உண்டு.

முதல் வாசல் நுகர்வோர் ஆணையம். மருத்துவர் தவறு செய்தால் அங்கே போகலாம், 1995இல் உச்ச நீதிமன்றம் அந்த வழியைத் திறந்தது. வக்கீலையும் அப்படிக் கேட்கலாம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2007இல் சொன்னது. டி.கே. காந்தி என்பவர் தன் காசோலை வழக்கை நடத்திய வக்கீல்மீது தொடுத்த வழக்கு அது. 2024 மே 14இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. வக்கீல் தொழில் வியாபாரம் அல்ல, தனித்தன்மை வாய்ந்தது, வக்கீல் கட்சிக்காரரின் நேரடிக் கட்டுப்பாட்டில் வேலை செய்கிறவர், ஆகவே நுகர்வோர் சட்டத்துக்குள் அவர் வரமாட்டார் என்பது காரணம். நேரடிக் கட்டுப்பாடு! முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருக்கும் ஒரு கிராமத்துப் பெண்ணின் கட்டுப்பாட்டில் எந்த வக்கீல் இருந்திருக்கிறார்? உச்ச நீதிமன்றத்தில் மூத்த வழக்கறிஞர்களை அமர்த்தும் கம்பெனிகளை வைத்து எழுதிய இலக்கணத்தை நம்மீது போர்த்தினால் எப்படிப் பொருந்தும்?

இரண்டாவது வாசல் பார் கவுன்சில். 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 35ஆம் பிரிவுப்படி புகார் கொடுக்கலாம். தப்பு நிரூபணமானால் கண்டிக்கலாம், சில காலம் நிறுத்திவைக்கலாம், பதிவேட்டிலிருந்தே நீக்கலாம். இது நடந்தும் இருக்கிறது. வீரபத்ர ராவ் எதிர் தேக் சந்த் என்றொரு வழக்கு. சொத்து ஒன்றைக் கைமாற்றுவதற்காகப் பிரமாணப் பத்திரம் தயாரானது. அதில் கையெழுத்திட வேண்டியவர் தன் முன்னால் வராமலே, வந்து கையெழுத்திட்டதாக ஒரு வக்கீல் சான்றளித்தார். உச்ச நீதிமன்றம் 1984இல் அவரை ஐந்து ஆண்டுகள் தொழில் செய்யக் கூடாது என்று நிறுத்தியது. வக்கீலின் சான்றொப்பம் சொத்தை இடம் மாற்றவல்லது என்பதை அந்த நீதிபதிகள் உணர்ந்திருந்தார்கள். நல்லது. ஆனால் இந்த வழியில் ஒருபோதும் கிடைக்காத ஒன்று உண்டு, அது இழப்பீடு. வக்கீலின் கறுப்புக் கோட்டைக் கழற்றலாம், நம் நிலத்தில் ஒரு சென்ட்கூடத் திரும்பாது. விசாரிப்பவர்களும் வக்கீல்கள். ஒரு கட்சிக்கு ஆலோசனை சொன்னவர் எதிர்க்கட்சிக்கு வாதாடக் கூடாது என்று பார் கவுன்சில் விதிகளில் இருக்கிறது. ஆனால் இரண்டு கட்சியையும் ஒரே மேசையில் உட்காரவைத்து ஒரே பத்திரத்தில் முடித்துவிடும் வழக்கத்தைத் தொழில் தவறாக யாரும் பார்ப்பதே இல்லை.

மூன்றாவது வாசல் சிவில் நீதிமன்றம். அலட்சியத்துக்காக வக்கீல்மீது வழக்குப் போடலாம். பத்திரத்தை ரத்து செய்து பாகப்பிரிவினை கேட்கலாம். நாங்கள் அதைத்தான் செய்தோம். உண்மை தெரிந்த நாளிலிருந்து மூன்று வருஷம் கெடு, 2020இல் வழக்குப் போட்டோம். பட்டாவும் அனுபவமும் தம்பியிடம் இருக்கும்போது, பங்கின் சந்தை மதிப்பில்தான் நீதிமன்றக் கட்டணம். 2017இல் அரசு அதை 7.5 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகக் குறைத்தது. குறைத்த பிறகும், 50 லட்ச ரூபாய் பங்குக்கு ஒன்றரை லட்சம். தன் நிலத்தைத் திருப்பிக் கேட்க ஒன்றரை லட்சம் கட்ட வேண்டியவள், தன் நிலத்தை இழந்துவிட்டதால் கையில் காசில்லாதவள். நடுவில் மனை வாங்கிய ஆட்களும் வழக்கில் சேர்ந்துகொண்டார்கள். அவர்களும் நகையை அடகு வைத்து வாங்கியவர்கள்தான். பெரியம்மா வாய்தாவுக்குப் போய்ப் போய், ஒரு தீர்ப்பும் பார்க்காமல் காலமாகிவிட்டார்.

எத்தனை வருஷம் ஆகும் என்று கேட்பவர்களுக்கு அருணாசல கவுண்டர் எதிர் பொன்னுசாமி வழக்கைக் காட்டுவேன். தமிழ்நாட்டு வழக்கு. ஒருவர் 1938இல் கோர்ட் ஏலத்தில் வாங்கிய நிலம். அவருக்கு ஒரே மகள். அவர் 1949இல் இறந்தார், பிள்ளையில்லாத அந்த மகள் 1967இல் இறந்தார். அந்த நிலம் மகளுக்குத்தான் வந்தது, ஆகவே அவளுக்குப் பின் தகப்பன் வழி வாரிசுகளான எங்களுக்கும் பங்குண்டு என்று தகப்பனின் சகோதரர் மகள்களில் ஒருவர் 1991இல் வழக்குப் போட்டார். விசாரணை நீதிமன்றம் 1994இல் தள்ளுபடி செய்தது, உயர் நீதிமன்றம் 2009இல் தள்ளுபடி செய்தது. 2022 ஜனவரி 20இல்தான் நீதிபதிகள் அப்துல் நசீரும் கிருஷ்ணா முராரியும் பெண்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். சொந்தச் சம்பாத்தியச் சொத்து 1956க்கு முன்பும் மகளுக்கு வரும், பழைய இந்து சட்டத்திலேயே அதற்கு இடமுண்டு என்றார்கள். ஐந்தில் ஒரு பங்குக்கு முப்பத்தொரு வருஷம். வழக்குப் போட்டவர் அதைப் பார்க்க உயிரோடு இல்லை. இவ்வளவு நெடிய வழி கண்முன்னால் இருக்கும்போது, கையெழுத்துப் போடும் அந்த அரை மணி நேரத்தில் சரியான ஆலோசனை கிடைப்பதன் விலை என்ன என்று யோசித்துப் பாருங்கள்.

நம்மிடம் சொல்லப்படும் சமாதானங்களைப் பார்ப்போம்.

"சீர் செய்தாயிற்றே." எங்கள் பக்கத்தில் சீருக்குக் குறைவில்லை. மாப்பிள்ளையின் உடன்பிறந்தவளை மணவறையில் உட்காரவைத்து இணைச்சீர் செய்வோம். அவள் இல்லாமல் கல்யாணம் நடக்காது. தாய்மாமன் சீர் இல்லாமல் காதுகுத்து இல்லை. இதெல்லாம் பாசம் என்றால், பாசத்துக்கு ரசீது கேட்காதீர்கள். பங்குக்குப் பதில் என்றால், கணக்கைப் போடுங்கள். கல்யாணத்தன்று போட்ட பவுனின் மதிப்பையும் இன்றைய இரண்டு ஏக்கரின் மதிப்பையும் எதிரெதிரே எழுதுங்கள். மகனின் படிப்புக்கும் லாரிக்கும் ரிக் வண்டிக்கும் கொடுத்ததையும் அதே தாளில் எழுதுங்கள். மகளுக்குச் செய்தது மட்டும் கணக்கில் ஏறுவதும் மகனுக்குச் செய்தது கடமையில் போவதும் எந்த ஊர்க் கணக்கு? போட்ட பவுனும் பெரும்பாலும் அவள் கைக்கு வரவில்லை, மாமியார் வீட்டுக்குத்தான் போனது.

"பெற்றவர்களைப் பார்த்துக்கொண்டவன் அவன்." எத்தனையோ வீடுகளில் பார்த்துக்கொண்டது மருமகள். பீ அள்ளியதும் கஞ்சி ஊட்டியதும் அவள். அந்தக் கணக்கில் நிலம் போவதென்றால் மருமகள் பெயருக்குப் பத்திரம் போடட்டும், நான் முதல் ஆளாகக் கைதட்டுகிறேன்.

"பெண்களே விருப்பப்பட்டுத்தான் விட்டுக்கொடுக்கிறார்கள்." இதுதான் வலுவான வாதம், இதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். ஆமாம், தெரிந்தே விட்டுக்கொடுக்கிற பெண்கள் உண்டு. பொறந்த வீட்டு வாசல் அடைபட்டுவிடக் கூடாது என்பதற்காக. நாளைக்குப் புருஷன் அடித்து விரட்டினால் போய் நிற்க ஓர் இடம் வேண்டும் என்பதற்காக. அவர்களை முட்டாள்கள் என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. அவர்கள் நிலத்தைக் கொடுத்து உறவை வாங்குகிறார்கள், அவ்வளவு விலை உறவுக்குச் சொல்லப்படுகிறது. ஆனால் விட்டுக்கொடுப்பது என்றால், கையில் என்ன இருக்கிறது என்று தெரிந்து கொடுப்பது. இரண்டு ஏக்கர், இன்றைய மதிப்பு இவ்வளவு, சட்டப்படி உன்னுடையது, கொடுக்காவிட்டாலும் உன்னை யாரும் எதுவும் செய்ய முடியாது என்று எடுத்துச் சொன்ன பிறகு ஒருத்தி தம்பிக்கே இருக்கட்டும் என்றால், அது அவளுடைய கொடை. சொல்லாமல் வாங்கினால் அதற்கு வேறு பெயர். விருப்பம்தான் என்று அவ்வளவு உறுதியாக நம்புகிறவர்கள், அவளுக்குத் தனியாக ஒரு வக்கீல் வைத்துக் கேட்க ஏன் பயப்படுகிறார்கள்?

"பங்கே இல்லாத பெண்கள் எத்தனை பேர், அவர்களைப் பற்றிப் பேசுங்கள்" என்றும் கேட்பார்கள். உண்மைதான். இந்தச் சமவெளியில் ஏக்கர் கணக்கில் நிலம் வைத்திருக்கும் சாதிகளின் பெண்களுக்குத்தான் ஆறு ஏக்கர் வழக்கு வரும். அந்தக் காட்டில் கூலிக்குக் களையெடுக்கும் அருந்ததியர் பெண்ணுக்கு இந்தக் கட்டுரையில் பங்கில்லை என்று தோன்றலாம். ஆனால் அவளுடைய தகப்பனுக்குக் கிடைத்த மூன்று சென்ட் வீட்டுமனைப் பட்டாவுக்கும் இதே சட்டம், இதே கையெழுத்து, இதே மேசைதான். மூன்று சென்ட் இழந்தவளால் வழக்குப் போட முடியாது என்பது மட்டுமே வித்தியாசம். ஆகவே தனி ஆலோசனை வேண்டும் என்ற கோரிக்கை அவளுக்குத்தான் முதலில் தேவை.

இது புதிய யோசனையும் அல்ல. கோஷாப் பெண்கள் எழுதிக்கொடுக்கும் பத்திரங்களைப் பற்றி வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே நீதிமன்றங்கள் ஒரு விதி வைத்திருக்கின்றன. பத்திரத்தால் லாபம் அடைந்தவன்தான், அவள் புரிந்துகொண்டு கையெழுத்திட்டாள் என்று நிரூபிக்க வேண்டும். அவளுக்குத் தனி ஆலோசனை கிடைத்ததா என்றும் பார்ப்பார்கள். பிறகு எழுத்தறியாத பெண்களுக்கும் அதை நீட்டினார்கள். எட்டாவது படித்து, ரேஷன் கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் தானே போய்வரும் என் அம்மா போன்றவர்கள் அதற்குள் வருவதில்லை. படிக்கத் தெரிந்ததால் பாதுகாப்புப் போயிற்று, படிக்கக் கொடுக்காததால் நிலம் போயிற்று.

அரசு என்ன செய்கிறது? 2023 ஜூலை 10 முதல் குடும்பத்துக்குள் எழுதும் விடுதலை, செட்டில்மென்ட், பாகப்பிரிவினைப் பத்திரங்களுக்கு முத்திரைத் தீர்வை அதிகபட்சம் 40,000 ரூபாய், பதிவுக் கட்டணம் அதிகபட்சம் 10,000 ரூபாய். பங்கின் மதிப்பு ஒரு கோடியானாலும் செலவு 50,000 ரூபாயோடு நிற்கும். 2025 ஏப்ரல் முதல் 10 லட்சம் ரூபாய் வரையுள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் கட்டணத்தில் 1 சதவீதம் தள்ளுபடியும் உண்டு. பெண் பெயரில் வாங்கச் சலுகை கொடுக்கும் அதே அலுவலகம், பெண் பெயரிலிருந்து கழற்றும்போது ஒற்றைக் கேள்வியோடு முத்திரை குத்துகிறது. பத்திரம் நியாயமா என்று பார்ப்பது பதிவாளரின் வேலை அல்ல என்று சட்டம் பேசுவார்கள். அப்படியானால் அந்த வேலை யாருடையது என்று சட்டம் எழுதட்டும்.

நம் கோரிக்கைகள் இவை. பெண் தன் பங்கை விடும் எந்தப் பத்திரத்திலும், அவளுக்கென்று தனியாக ஒரு வக்கீல் ஆலோசனை சொன்னதற்கான சான்று இணைக்கப்பட வேண்டும். அந்த வக்கீலை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாகத் தர வேண்டும். சட்ட உதவி பெற வருமான வரம்பு பெண்களுக்கு 1987ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே கிடையாது. அவள் விடும் பங்கின் அளவும் அரசு வழிகாட்டி மதிப்பும் பத்திரத்தின் முதல் பக்கத்தில் எண்ணிலும் எழுத்திலும் இருக்க வேண்டும். பணம் வாங்கியதாக எழுதினால் அது அவள் வங்கிக் கணக்கில் ஏறியதற்கான அத்தாட்சி வேண்டும். சார்பதிவாளர் அவளைத் தனியாக, உடன்பிறந்தவன் இல்லாமல் கேட்க வேண்டும். வழக்கறிஞர்கள் சட்டத்தில் இழப்பீடு கொடுக்கவைக்கும் அதிகாரம் சேர வேண்டும். எதிரே உட்கார்ந்திருப்பவளிடம் நான் உங்கள் வக்கீல் அல்ல என்று எழுத்தில் சொல்லாத வக்கீல், அவளுக்கும் வக்கீலாகவே கருதப்பட வேண்டும். பொறுப்பும் அப்படியே வர வேண்டும்.

இதெல்லாம் சட்டமாகும்வரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. இதைப் படிக்கும் மாணவிகள் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் பாட்டன் பெயரில் இருந்த சர்வே எண்களை வீட்டில் கேட்டு வாங்குங்கள். பதிவுத்துறையின் இணையதளத்தில் வில்லங்கத்தைப் பாருங்கள். அம்மாவும் அத்தையும் எந்த வருஷம் எதில் கையெழுத்திட்டார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். கல்யாணத்துக்கு முன்பே, அப்பா உயிரோடு இருக்கும்போதே, எனக்கு எதுவும் வேண்டாம் என்று எழுதி வாங்க வந்தால் நிறுத்துங்கள். வரப்போகும் வாரிசுரிமையை முன்கூட்டியே கைமாற்ற முடியாது என்று சட்டம் சொல்கிறதுதான். ஆனால் அதற்குப் பணம் வாங்கியிருந்தால் பிறகு பங்கு கேட்க முடியாது என்று, தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் 2023இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வாங்காத பணத்தை வாங்கியதாக எழுதும் பத்திரம் எவ்வளவு ஆபத்து என்று இதிலிருந்து புரியும்.

கையெழுத்துக் கேட்டு யார் வந்தாலும், வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படித்துவிட்டுத் தருகிறேன் என்று சொல்லுங்கள். பட்டா மாற்றத்துக்கு என்றால், வாரிசுச் சான்றில் உள்ள எல்லாப் பெயர்களையும் சேர்த்தே பட்டா மாற்றலாம் என்று சொல்லுங்கள். 15100 என்ற எண்ணுக்குக் கூப்பிட்டால் சட்ட உதவி கிடைக்கும் என்று அத்தைகளுக்குச் சொல்லிவையுங்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் பென்சிலால் பெருக்கல் குறி போட்டு நீட்டும்போது, பேனாவை எடுக்கும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். நீங்கள் யாருடைய வக்கீல்? பதிலை எழுதி, தேதி போட்டு, அவருடைய கையெழுத்தை வாங்கிக்கொள்ளுங்கள். இத்தனை காலம் நாம் போட்டோமே, ஒரு தடவை அவர் போடட்டும்.